கேரேஜ் கூரையில் கயாக்கைத் தொங்கவிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் குறுகிய, நீளமான படகு) வாங்கிய எல்லோருக்கும் சீக்கிரமே வரும் கேள்வி, இதை எங்கே வைப்பது என்பது. மூன்று மீட்டரிலிருந்து ஐந்து மீட்டர் வரை நீளம், தரையில் போட்டால் கார் நிற்க இடமில்லை, சுவரில் சாய்த்தால் நடக்க வழியில்லை, கடைசியில் எல்லோர் கண்ணும் மேலே போகிறது. மேலே தொங்கவிடுவது நல்ல யோசனைதான். என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் "தாங்குமா?" என்று மட்டும் கேட்கிறார்கள். மாட்டிய அன்று அநேகமாக எல்லாமே தாங்கும். அதே எடை அதே இடத்தில், வெயில் காலம் முழுக்க, மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருந்தால் தாங்குமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் வரும்.

தரையிலேயே போட்டு வைத்தால் என்ன கெட்டுப்போகும்?

கொஞ்ச நாளைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பெரும்பாலான கயாக் பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கில் செய்தது. அந்தப் பிளாஸ்டிக் ஒரே இடத்தில் தொடர்ந்து அழுத்தம் பட்டால் மெல்ல மெல்ல வளைந்து கொடுக்கும், எடையை எடுத்த பிறகும் முழுசாகப் பழைய நிலைக்கு வராது. கட்டாந்தரையில் கிடக்கும் கயாக்கின் மொத்த எடையும் அடிப்பகுதியில் ஓரிரு இடங்களில்தான் இறங்குகிறது. செங்குத்தாக மூலையில் நிறுத்தினால் இன்னும் மோசம், எல்லா எடையும் ஒரு முனையில் போய் உட்காரும்.

இது தவிர தரை ஈரம், எலி, பின்னால் எடுக்கும் கார் எல்லாம் இருக்கின்றன. அதே சமயம், உங்களுடையது 35 கிலோவைத் தாண்டும் மீன்பிடி கயாக் என்றால் தலைக்கு மேலே ஏற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். இடுப்பு உயரத்தில் சுவரோரத் தாங்கியோ, சக்கரம் வைத்த ஸ்டாண்டோ போதும். ஒவ்வொரு முறையும் ஏற்றி இறக்க நீங்கள்தான் கஷ்டப்பட வேண்டும்.

என்னுடையது வெறும் 20 கிலோதான். சீலிங் போர்டிலேயே கொக்கி அடித்தால் போதாதா?

போதாது. ஜிப்சம் போர்டு கூரையை மூடி அழகுபடுத்த வைத்தது, எடை தாங்க வைத்ததல்ல. போர்டுக்கு மேலே ஓடும் மரச்சட்டத்தில்தான் கொக்கி இறங்க வேண்டும். மரக்கூரை வீடுகளில் இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் நடுவிலிருந்து நடுவுக்கு 40 செ.மீ. அல்லது 60 செ.மீ. இடைவெளியில் இருக்கும். ஒரு சின்னக் காந்தத்தைக் கூரையில் நகர்த்திக்கொண்டே போனால் போர்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ வரிசையில் அது ஒட்டும், அந்த வரிசைதான் சட்டம்.

சட்டத்தின் அடிமுகம் ஏறக்குறைய நாலு செ.மீ. அகலம்தான் இருக்கும், அதனால் நடுவைக் கண்டுபிடிப்பதில் பொறுமை வேண்டும். மெல்லிய ஆணியால் இந்த ஓரமும் அந்த ஓரமும் குத்திப் பார்த்து நடுவைக் குறியுங்கள். துளை போடும்போது டிரில் பிட்டைக் கவனியுங்கள்: முதலில் வெள்ளைத் தூள் கொட்டும், பிறகு சுருள் சுருளாக மரத்தூள் வர வேண்டும். வெள்ளைத் தூள் மட்டும் வந்து பிட் சட்டென்று உள்ளே இறங்கினால் மரம் அங்கே இல்லை. கடைசியாக, 8 மி.மீ. தடிமனான ஸ்க்ரூ கொக்கி என்றால் சுமார் 5 மி.மீ. முன்துளை போட்டு, போர்டின் தடிமன் போக மரத்துக்குள் மட்டும் 5 செ.மீ. மரை இறங்குகிற மாதிரி நீளம் பாருங்கள். முன்துளை போடாமல் திருகினால் சட்டம் விரிசல் விடும், அந்த விரிசல் கீழே நின்று பார்த்தால் தெரியாது.

எங்கள் கேரேஜ் கான்கிரீட் கூரை. மரச்சட்டமே இல்லையே?

கான்கிரீட் என்றால் ஹேமர் டிரில், விரியும் வகை உலோக ஆங்கர் போல்ட். துளையிலிருக்கும் தூளை ஊதியும் பிரஷ் விட்டும் முழுக்க எடுத்துவிட்டுத்தான் ஆங்கரை இறக்க வேண்டும், தூள் இருந்தால் பிடிமானம் குறைந்துபோகும். சுவரில் படம் மாட்டுகிற பிளாஸ்டிக் பிளக் தலைக்கு மேலே கூடவே கூடாது. கூரை விளிம்புக்குப் பக்கத்திலோ, ஏற்கெனவே வெடிப்பு ஓடும் இடத்திலோ, காரை பெயர்ந்து கம்பி தெரியும் இடத்திலோ போடாதீர்கள். மின்குழாய் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விதமான கூரைகளில் மட்டும் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது. ஒன்று, உள்ளே கம்பி வடங்களை இழுத்து விறைக்க வைத்திருக்கும் கூரை. அந்த வடத்தில் டிரில் பட்டால் ஆபத்து பெரியது. இன்னொன்று, உள்ளீடற்ற பிளாக் வைத்துப் போட்ட கூரை, அதில் ஆங்கர் பிடிக்க உள்ளே சதையே இல்லாமல் இருக்கலாம்.

கயாக்கில்தான் முன்னும் பின்னும் கைப்பிடி இருக்கிறதே, அதிலேயே கயிறு கட்டித் தொங்கவிடலாமா?

இது எனக்கு அதிகம் வரும் கேள்வி. பதில், வேண்டாம். அந்தக் கைப்பிடிகள் காரிலிருந்து தண்ணீருக்குத் தூக்கிப் போக வைத்தவை. இரண்டு முனையிலும் கட்டித் தொங்கவிட்டால் நடுப்பகுதி தன் எடையாலேயே கீழே தொய்யும், ஒரு கோடையில் வாழைப்பழ வளைவு வந்துவிடும். அப்படி வளைந்த கயாக் தண்ணீரில் நேராகப் போகாது.

இரண்டு இடத்தில், அடியில் சுற்றி வரும் அகலப் பட்டைகளால் தாங்க வேண்டும். ஒவ்வொரு முனையிலிருந்தும் மொத்த நீளத்தில் கால் பங்கு உள்ளே என்பது நல்ல கணக்கு. 4 மீட்டர் கயாக் என்றால் இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வொரு மீட்டர் உள்ளே, நடுவில் 2 மீட்டர் இடைவெளி. கடல் கயாக்காக இருந்து உள்ளே தடுப்புச் சுவர்கள் இருந்தால் அந்தத் தடுப்புகளுக்கு நேராகப் பட்டையை வையுங்கள், உடம்பில் உறுதியான இடம் அதுதான். பட்டை குறைந்தது 5 செ.மீ. அகலம் இருக்கட்டும். மெல்லிய கயிறு ஒரே கோட்டில் அழுத்திப் பள்ளம் விழ வைக்கும்.

அடிப்பகுதி கீழே இருக்கணுமா, கவிழ்க்கணுமா, பக்கவாட்டில் படுக்க வைக்கணுமா?

இடம் கிடைத்தால் பக்கவாட்டுதான் என் முதல் தேர்வு. கயாக்கின் விலாப்பகுதி வளைந்து விறைப்பாக இருப்பதால் எடையை நன்றாகத் தாங்கும், அகலமும் குறைவாகப் பிடிக்கும். ஆனால் தொங்கும் பட்டையில் பக்கவாட்டில் நிற்காமல் உருளப் பார்க்கும், அதற்கு மெத்தை வைத்த கைகள் உள்ள தாங்கி வேண்டும்.

பட்டையில்தான் தொங்கவிடப் போகிறீர்கள் என்றால் கவிழ்த்துப் போடுங்கள். தூசியும் பல்லியும் காக்பிட்டுக்குள் (உட்காரும் குழிக்குள்) போகாது, உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் வடிந்துவிடும், முக்கியமாக அடிப்பகுதியில் எதுவும் அழுத்தாது. ஃபைபர்கிளாஸ் கயாக் இந்த விஷயத்தில் பிளாஸ்டிக்கைவிடப் பொறுத்துக்கொள்ளும், அகலப் பட்டையில் எப்படி வைத்தாலும் பெரிதாக வடிவம் மாறாது. ஆனால் கூர்மையான விளிம்பில் இடித்தால் மேல்பூச்சு சில்லு பெயரும்.

கார் மேலே இடிக்காமல் எவ்வளவு உயரம் விடணும்? கேரேஜ் கதவு வேறு மேலே ஏறுகிறதே?

அளவு எடுக்கும்போது எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு எடுங்கள். கேரேஜ் கதவு முழுசாக ஏறிய நிலையில் கூரைக்கும் அதற்கும் எவ்வளவு இடம், காரின் பின்கதவு முழுசாகத் திறந்தால் எவ்வளவு உயரம் வருகிறது, மேலே தாங்கி வைத்த கார் என்றால் அதோடு எவ்வளவு, எல்லாம். பட்டை எடையில் கொஞ்சம் இறங்கும், கயாக் கூரையில் ஒட்டி இருக்காது, அதற்கும் சில செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். நிறைய கேரேஜ்களில் கார் பானெட்டுக்கு மேலே, உள்சுவரை ஒட்டி அகலவாட்டில் தொங்கவிடுவதுதான் சரியாக வரும், அங்கே கதவும் வராது, பின்கதவும் வராது.

கதவு ஓடும் தண்டவாளத்திலோ, மோட்டார் தொங்கும் கம்பியிலோ கயாக்கைக் கட்டவே கூடாது. அவை கதவின் எடைக்கு மட்டும் அளந்து வைத்தவை. கதவின் ஸ்பிரிங்கில் இருக்கும் விசை ஆளையே காயப்படுத்தக்கூடியது, அதற்குப் பக்கத்தில் டிரில் வேலையும் வேண்டாம். எரியும் கேஸ் ஹீட்டர், சூடாகும் விளக்கு இவற்றிலிருந்தும் நன்றாகத் தள்ளி வையுங்கள்.

கப்பி வைத்த செட் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா?

தூக்குவதற்குக் கப்பி அருமை. ஆனால் பிடித்து வைக்க அதை மட்டும் நம்பாதீர்கள். கப்பி செட்டில் கயாக்கின் மொத்த எடையும் கடைசியில் ஒரே கயிற்றிலும், அந்தக் கயிற்றைக் கவ்வும் ஒரு பல் பூட்டிலும் போய் நிற்கிறது. கயிறு தேய்ந்து வழவழப்பானால் பூட்டு நழுவும். நைலான் கயிறு என்றால் எடையில் நீண்டுகொண்டே போகும், பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது. அதனால் மேலே ஏற்றிய பிறகு, கூரையில் தனியாக ஆங்கர் போட்ட இரண்டு பட்டைகளை அடியில் சுற்றி மாட்டி, எடையை அவற்றில் இறக்கிவிடுங்கள். கயிறு சும்மா இருக்கட்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு நிலையான கப்பியில் 12 கிலோ தொங்குகிறது, மறுபக்கம் நீங்கள் கயிற்றை நேர் கீழே இழுத்துப் பிடிக்கிறீர்கள் என்றால் நீங்களும் 12 கிலோ விசை கொடுக்கிறீர்கள். கப்பி மாட்டிய கொக்கிக்கு 24 கிலோ. கயிறு பக்கவாட்டில் ஓடினால் சுமார் 17 கிலோ, அதுவும் சாய்வாக இழுக்கும். கை நழுவிக் கயாக் ஒரு சாண் விழுந்து நின்றால் அந்த நொடியில் விசை பல மடங்கு. கொக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது கயாக்கின் எடையைக் கொக்கி எண்ணிக்கையால் வகுத்துவிட்டு நிறுத்தாமல், ஒவ்வொரு கொக்கியும் தனியாக முழுக் கயாக்கையும் தாங்கும் அளவுக்கு வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கயிற்றைச் சுற்றும் கொம்பு சுவரில் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். இதில் சமரசமே வேண்டாம்.

நான் தனி ஆள். கப்பியும் இல்லை. எப்படி மேலே ஏற்றுவது?

ஒரு முனை, பிறகு மறுமுனை. முதலில் முன்பக்கப் பட்டையை மார்பளவுக்கு இறக்கி அதில் முனையை வைத்துவிட்டு, பின்பக்கத்தைத் தூக்கி அதே உயரத்துப் பட்டையில் வையுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கமும் ஒரு அடிக்கு மேல் வித்தியாசம் வராமல் மாற்றி மாற்றி ஏற்றுங்கள். ஒரேயடியாக ஒரு பக்கத்தை உச்சிக்குத் தூக்கினால் கயாக் சரிந்து பட்டையிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடும், கவிழ்த்துப் போட்ட வழவழப்பான மேல்பகுதி என்றால் இன்னும் வேகமாக. இரண்டு பட்டைக்கும் நடுவே நீளவாட்டில் ஒரு கயிறு கட்டி வைத்தால் அவை விலகாது.

ஸ்டூல் மேல் நின்றுகொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி 20 கிலோவைப் பிடிப்பது தோள்பட்டைக்குக் கெடுதல், விழுந்தால் உங்களுக்கும் கயாக்குக்கும் கெடுதல். தனியாகத்தான் எப்போதும் செய்ய வேண்டியிருக்கும் என்றால் கப்பிக்குச் செலவு செய்யுங்கள்.

கொக்கி இரண்டும் தூரத்தில் அமைந்துவிட்டது. பட்டை V மாதிரி விரிந்து நிற்கிறது. பரவாயில்லையா?

கொஞ்சம் விரிந்தால் பரவாயில்லை, படுத்துக்கொண்டே போனால் பிரச்சினை. ஒரு பட்டையில் 12 கிலோ இறங்குகிறது என்று வையுங்கள். இரண்டு காலும் செங்குத்தாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 6 கிலோ. அதே கால்கள் கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரியில் படுத்திருந்தால் ஒவ்வொன்றிலும் 12 கிலோ, அதாவது இரட்டிப்பு. கொக்கியும் நேராகக் கீழே இழுபடாமல் பக்கவாட்டில் இழுபடும். பட்டையை நீளமாக்கிக் கயாக்கைக் கொஞ்சம் கீழே இறக்கினாலே கோணம் சரியாகிவிடும்.

V தலைகீழாக இருந்தால், அதாவது மேலே ஒரே கொக்கி, கீழே கயாக்கைச் சுற்றி விரியும் பட்டை என்றால், அது கயாக்கின் இரண்டு விலாவையும் உள்ளே நெரிக்கும். குட்டையான பட்டையில் நெரிப்பு அதிகம். கயாக்கின் அகலத்துக்கு ஒரு கட்டையைக் குறுக்கே வைத்து அதன் இரு முனையிலிருந்தும் பட்டையை இறக்குங்கள்.

வெயில் காலத்தில் கேரேஜ் மேல்பக்கம் அடுப்பு மாதிரி கொதிக்கும். கயாக் என்ன ஆகும்?

சூடான காற்று மேலேதான் போய் நிற்கும், அதுவும் தகரக் கூரை என்றால் கேட்கவே வேண்டாம். முதல் பதிலில் சொன்ன அந்த மெல்ல வளையும் குணம் சூட்டில் வேகம் எடுக்கும். குளிர்காலம் முழுக்க ஒன்றும் ஆகாத கயாக் ஒரு கோடையில் பட்டை இருந்த இடத்தில் பள்ளம் விழுந்து நிற்பதற்கு அதுதான் காரணம். அகலப் பட்டை, கவிழ்த்துப் போடுவது, சில வாரங்களுக்கு ஒருமுறை பட்டையை ஒரு சாண் நகர்த்துவது, முடிந்தால் மேலே ஒரு காற்றுத் துவாரம்: இவ்வளவும் செய்தால் போதும். ஜன்னல் வழியே நேர் வெயில் படும் இடமாக இருந்தால் திரை போடுங்கள், புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும்.

பலர் மறப்பது மூடிகளை. பொருள் வைக்கும் அறைகளின் மூடியைக் காற்றுப் புகாமல் இறுக்கிப் பூட்டி வைத்தால், 20 டிகிரியில் அடைபட்ட காற்று 50 டிகிரிக்குப் போகும்போது அழுத்தம் பத்து சதவீதம் ஏறும். கேட்க அற்பமாகத் தெரியும், ஆனால் 40-க்கு 25 செ.மீ. மூடியில் அது கிட்டத்தட்ட 100 கிலோ தள்ளும் விசை. மூடி தெறிக்கலாம், ஃபைபர்கிளாஸ் கயாக்கில் உள்தடுப்பின் ஒட்டு விடலாம். ஒரு ஓரத்தைத் திறந்து வையுங்கள், தண்ணீர் வடியும் திருகுமூடியையும் கழற்றி வையுங்கள். உள்ளே பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும் இதுவே வழி. கடலில் ஓட்டியிருந்தால் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்ட பிறகுதான் மேலே ஏற்ற வேண்டும்.

எங்கள் கூரை முக்கோண முக்கோணமாக மரச்சட்டம் கோத்தது. அதன் கீழ்ச்சட்டத்தில் தொங்கவிடலாமா?

ஜாக்கிரதையாகத்தான். அந்த வகைக் கூரையில் கீழ்ச்சட்டத்தின் வேலை முக்கோணத்தை விரியாமல் இழுத்துப் பிடிப்பது. மேலே சாமான் போடும் பரணாகக் கணக்கிடாத கூரையில் அதற்குச் சீலிங் போர்டின் எடையும் கூடக் கொஞ்சமும்தான் அனுமதி. ஒரே சட்டத்தின் நடுவில் எடையைக் குவிக்காமல், ஒரு நீளக் கட்டையை மூன்று நான்கு சட்டங்களுக்குக் குறுக்கே போட்டு ஒவ்வொன்றிலும் ஸ்க்ரூ இறக்கி, அந்தக் கட்டையிலிருந்து தொங்கவிடுங்கள். சட்டத்தை வெட்டவோ, சட்டங்கள் கூடும் இடத்தில் பற்கள் உள்ள உலோகத் தகடு இருக்குமே, அதைத் துளைக்கவோ கூடாது.

ஒரு கயாக்குக்கு இது பெரும்பாலும் போதும். இரண்டாவது கயாக்கும் வரும் என்றால் அதற்கு வேறு சட்டங்களில் தனிக் கட்டை, தனிக் கொக்கி. ஒன்றிலிருந்து ஒன்றைத் தொங்கவிடுவது கூடாது. ஏற்கெனவே கூரை தொய்ந்திருந்தாலோ, போர்டில் வெடிப்பு தெரிந்தாலோ பொறியாளர் பார்க்காமல் எதையும் மாட்டாதீர்கள்.

கான்கிரீட்டில் துளை பெரிசாகிவிட்டது. எபாக்சி பசை ஊற்றிக் கம்பியை நட்டால் கல் மாதிரி நிற்கும் என்கிறார்களே?

எபாக்சி ஆங்கர் நல்ல தொழில்நுட்பம்தான், பாலங்களிலேயே போடுகிறார்கள். ஆனால் தலைக்கு மேலே, நேர் கீழ்நோக்கி, விடாமல் இழுக்கும் எடைக்கு எல்லாப் பசையும் பொருந்தாது. 2006 ஜூலையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில் மேலே தொங்கவிட்டிருந்த கான்கிரீட் பலகைகள் கார் மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துச் சொன்ன காரணம்: பலகைகளைப் பிடித்திருந்த ஆங்கர்களின் எபாக்சி சீக்கிரம் இறுகும் வகை, தொடர் இழுவிசையில் அது மெல்ல மெல்ல நீண்டு கம்பியை விட்டுவிட்டது. போட்ட புதிதில் சோதித்தபோது தாங்கிய ஆங்கர்கள்தான் அவை.

கயாக் அந்தப் பலகை அளவு எடை இல்லைதான், ஆனால் அடியில் நீங்களும் குழந்தைகளும் நடக்கிறீர்கள். துளை கெட்டுப்போனால் அதை விட்டுவிட்டு, ஆங்கர் ஆழத்தைப்போல் இரு மடங்காவது தள்ளிப் புதுத் துளை போட்டு உலோக ஆங்கரை இறக்குங்கள்.

ஊதிப் பயன்படுத்தும் கயாக்கை இப்படித் தொங்கவிடலாமா?

வேண்டாம். முழுக்க ஊதி மேலே விட்டால் மேலே சொன்ன சூட்டுக் கணக்கு அதற்கும் உண்டு, தையலும் ஒட்டும் பிரியும். காயவைத்து, தளர்வாகச் சுருட்டி, அலமாரியில் வையுங்கள்.

எல்லாம் மாட்டியாச்சு. நம்பி கீழே காரை விடுவதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

கயாக்கை வைத்துச் சோதிக்காதீர்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் சுமார் 20 கிலோ. கயாக்கின் எடையைப்போல் இரண்டு மடங்கு வருகிற மாதிரி கேன்களைப் பட்டையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மட்டும் தொங்கவிட்டு ஓரிரண்டு நாள் அப்படியே விடுங்கள். கொக்கியின் கழுத்தை ஒட்டிப் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தால், கொக்கி ஒரு மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தாலும் தெரிந்துவிடும்.

அந்தப் பென்சில் கோட்டை அழிக்காதீர்கள். பிறகு கயாக்கை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதை ஒரு பார்வை பாருங்கள், பட்டையில் நூல் பிரிகிறதா, தையல் விடுகிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். கோடைக்கு முன்னும் பின்னும் கட்டாயம். பட்டை விலை குறைவுதான், சந்தேகம் வந்தால் மாற்றிவிடுங்கள்.

ஏற்கெனவே தப்பாக மாட்டி அடியில் பள்ளம் விழுந்துவிட்டது. அவ்வளவுதானா?

பிளாஸ்டிக் கயாக் என்றால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். எந்தச் சூடு அதைக் கெடுத்ததோ அதே சூட்டைப் பயன்படுத்த வேண்டியதுதான். அடிப்பகுதி மேலே பார்க்க நல்ல வெயிலில் சில மணி நேரம் கிடத்துங்கள், சின்னப் பள்ளம் தானாகவே எழும்பும். எழவில்லை என்றால் அந்த இடத்தில் கொதிக்காத சுடுநீரை ஊற்றியோ ஹேர் டிரையரால் சூடாக்கியோ, உள்ளேயிருந்து உருண்டையான ஏதாவது ஒன்றால் மெதுவாகத் தள்ளி, முட்டுக் கொடுத்து, முழுக்க ஆறும் வரை அப்படியே வையுங்கள். தீச்சுடர் கிட்டவே வரக் கூடாது. சுத்தமாக ஆறுவதற்கு முன் முட்டுக் கொடுத்ததை எடுத்தால் பள்ளம் திரும்பி வரும்.

ஃபைபர்கிளாஸில் இதைச் செய்யாதீர்கள், அதில் பள்ளம் மாதிரி தெரிவது உள்ளே இழை முறிந்ததாக இருக்கலாம், பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். பிளாஸ்டிக் சரியான பிறகு மறுபடி மேலே ஏற்றும்போது பழைய பள்ளம் இருந்த இடத்தில் பட்டை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த இடம் அடுத்த கோடையில் முதலில் இறங்கும்.